நாய்க்குட்டிக்கும் பாடம் உண்டு

“நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்று கேட்பார்கள். திருந்தாத ஆளைப் பார்த்துச் சொல்லும் பேச்சு இது.

வாலை நிமிர்த்த முடியாதுதான். நிமிர்த்தவும் வேண்டாம். வால் வளைந்திருந்தால் யாருக்கு நட்டம்? ஆனால் அந்த வாலை வைத்திருக்கும் நாய் பாடம் கற்கும். நன்றாகவே கற்கும். ‘வா’ என்றால் வரும். ‘இரு’ என்றால் இருக்கும். வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. பிள்ளைகளைக் கடிக்காது. இதையெல்லாம் எளிதாகக் கற்றுக்கொள்ள அதற்கு ஒரு பருவம் இருக்கிறது. பிறந்து முதல் நான்கு மாதம்தான் அந்தப் பருவம். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்கிறோம். அது குழந்தைக்கு மட்டும் சொன்னது அல்ல.

எங்கள் மையத்துக்குப் படிக்க வரும் ஓர் அக்கா வீட்டில் ஒரு குட்டி வளர்கிறது. பெயர் மணி. நாட்டு நாய்தான். செம்பட்டை நிறம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அக்கா வீட்டில் அக்கா, அவர் கணவர், மாமியார், ஆறு வயதுப் பையன் என்று நான்கு பேர். மணியோடு ஐந்து. இந்தப் பாடத்தில் மணி அடிக்கடி வரும்.

எந்தக் குட்டி நல்லது?

நம் நாட்டில் பெயர் பெற்ற நாய்கள் பல உண்டு. கர்நாடகத்தில் முதோல் நாய். உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் நாய். தமிழ்நாட்டில் இராஜபாளையம் நாய். இந்த மூன்றுக்கும் 2005-ஆம் ஆண்டு நம் தபால் துறை தபால் தலை வெளியிட்டது. இமயமலைப் பகுதியின் ஆட்டு நாய்க்கும் அப்போது ஒரு தபால் தலை கிடைத்தது.

ஆனால் பெயர் பெற்ற நாய்தான் வேண்டும் என்று இல்லை. நம் தெருவில் பிறக்கிற நாட்டு நாய் எதிலும் குறைந்தது அல்ல. நம் வெயிலைத் தாங்கும். நம் சாப்பாட்டைச் சாப்பிடும். குளிர் நாட்டு நாய்களுக்கு மயிர் அடர்ந்து இருக்கும். அவை நம் ஊர்க் கோடையில் படும் பாடு கொஞ்சம் அல்ல. அழகுக்காக அவற்றை வாங்கி மொட்டை மாடியில் கட்டிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பெட்டைக் குட்டி வேண்டாம் என்று பலர் சொல்வார்கள். “குட்டி போட்டுக்கொண்டே இருக்குமே” என்பார்கள். அதனால் பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. இது பாவம் மட்டும் அல்ல. பிராணிகளை வதைப்பதைத் தடுக்க 1960-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வளர்க்கும் பிராணியை இப்படிக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். பெட்டை நாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டால் எந்த வயதில் செய்யலாம் என்று சொல்வார். பிறகு ஆணும் பெண்ணும் ஒன்றுதான். மணியும் பெட்டைதான்!

குட்டியைத் தாயிடம் இருந்து எப்போது பிரிக்கலாம்? இரண்டு மாதம் முடிய வேண்டும். அதற்கு முன் பிரிக்கக் கூடாது. பால் குடிப்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. குட்டிகள் ஒன்றோடு ஒன்று கடித்து விளையாடும். ஒரு குட்டி பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப் போய்விடும். ‘இவ்வளவு பலமாகக் கடித்தால் விளையாட ஆள் இருக்காது’ என்று கடித்த குட்டிக்குப் புரிகிறது. கடியை அடக்கும் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மாதத்திலேயே பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இந்தப் பாடம் பாதியிலே நின்றுவிடும்.

முதல் மூன்று இரவுகள்

புது வீட்டுக்கு வந்த குட்டி இரவில் அழும். தாயும் இல்லை, உடன்பிறந்த குட்டிகளும் இல்லை, அழாமல் என்ன செய்யும்? சிலர் அதை வாசலில் சங்கிலியால் கட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். “அழுது அழுது தானே அடங்கும்” என்பார்கள். அடங்கும். ஆனால் தனிமை என்றாலே பயம் என்பதும் மனத்தில் பதிந்துவிடும். அந்தப் பயம்தான் பின்னால் இரவு முழுவதும் குரைப்பாக வருகிறது.

ஒரு அட்டைப்பெட்டி போதும். அடியில் சாக்கு விரியுங்கள். அதன் மேல் பழைய புடவை போடுங்கள். நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். குளிர் காலமானால் ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம். அழுதால் கையை நீட்டித் தொடுங்கள். மூன்று நான்கு இரவுகளில் அழுகை குறைந்துவிடும். பிறகு பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கலாம்.

என்ன கொடுக்கலாம்?

சின்ன வயிறு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு தடவை. ஆறு மாதம் வரை மூன்று தடவை. அதன் பிறகு இரண்டு தடவை போதும்.

குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கறி, மீன் என்றால் முள் நீக்கியது, கேழ்வரகுக் கூழ் இவை எல்லாம் கொடுக்கலாம். உப்பும் காரமும் வேண்டாம். வெறும் சோறு மட்டும் போட்டால் வளர்ச்சி இருக்காது. முட்டையோ கறியோ சேர வேண்டும். மாட்டுப் பால் சில குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. கழியும். அப்படி ஆனால் பாலை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

கொடுக்கக் கூடாதவை சில உண்டு. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட். இவை நமக்கு உணவு, நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம். அது ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாம் போட்டுக்கொள்ளும் காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது.

இன்னும் ஒன்று. உண்ணி பிடித்தால் வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை நாயின் மேல் தடவுகிறார்கள். நாய் தன் உடம்பை நக்கும். மருந்து வயிற்றுக்குள் போகும். நாய் செத்துப்போகும். உண்ணிக்கு என்று தனி மருந்து இருக்கிறது. மருத்துவரிடம் கேளுங்கள்.

வாசலுக்குப் போ

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்: “வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறதே, என்ன செய்வது?”

குட்டியால் அடக்க முடியாது. இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரம் அடக்குவதே பெரிய காரியம். அது எப்போது போகும் என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. தூங்கி எழுந்ததும் போகும். சாப்பிட்டதும் போகும். விளையாடி முடித்ததும் போகும். தரையை மோந்துகொண்டே வட்டம் சுற்றினால், இதோ போகப் போகிறது என்று பொருள். உடனே தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். வேலி ஓரமோ மரத்தடியோ எதுவானாலும் சரி. பழைய வாசனை அங்கே இருக்கும். அந்த வாசனையே குட்டிக்கு நினைவூட்டும். போய் முடித்ததும் தட்டிக் கொடுங்கள். கொஞ்சம் பொரியோ ரொட்டித் துண்டோ அங்கேயே கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

உள்ளே போய்விட்டால்? துடைத்து விடுங்கள். அவ்வளவுதான். சிலர் குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பார்கள். அடிப்பார்கள். குட்டிக்கு என்ன புரியும் தெரியுமா? ‘இவர்கள் பார்க்கும்போது போகக் கூடாது’ என்றுதான் புரியும். அடுத்த தடவை கட்டிலுக்கு அடியில், நெல் மூட்டைக்குப் பின்னால் என்று ஒளிந்து போகும்.

துடைத்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். வாசனை மிச்சம் இருந்தால் மறுபடியும் அங்கேயே வரும். பினாயில் ஊற்றினால் தரை காயும் வரை குட்டியை அங்கே விடாதீர்கள். ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்.

மணிக்கு இந்தப் பழக்கம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அக்காவின் மாமியார்தான் இதில் வாத்தியார். பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். “என் பிள்ளைக்கே இவ்வளவு ஓடவில்லை” என்று சொல்லிக்கொண்டே குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்.

ஐந்து சொற்கள்

மணிக்கு முதலில் ஒரு சிக்கல் வந்தது. அக்கா ‘உட்கார்’ என்றார். மாமியார் ‘குந்து’ என்றார். பையன் பள்ளிக்கூடத்தில் கேட்டதை வைத்து ‘சிட்’ என்றான். அக்காவின் கணவர் ஒன்றும் சொல்லாமல் முதுகை அமுக்கினார். மணி நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு படுத்துக்கொண்டது.

நாய்க்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஓசைதான் தெரியும். ஒரு செயலுக்கு ஓர் ஓசை. வீட்டில் எல்லாரும் அதே ஓசையைச் சொல்ல வேண்டும். அக்கா ஒரு தாளில் ஐந்து சொற்களைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினார்.

வா
உட்கார்
இரு
விடு
போதும்

மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. பையன் படித்துக் காட்டினான். இப்போது அந்த ஐந்து சொற்களையும் பார்த்ததும் மாமியார் சொல்கிறார். மணிக்கு ஒட்டிய தாளில் பாட்டியும் பாடம் படித்துவிட்டார்!

‘வா’ என்பதுதான் மிக முக்கியமான சொல். பெயரைச் சொல்லி, குரலை இனிமையாக்கி, ‘மணி, வா’ என்று கூப்பிடுங்கள். வந்தால் தின்பதற்குச் சின்னத் துண்டு ஒன்று கொடுங்கள். தட்டிக் கொடுங்கள். ஒன்றை மறக்கவே கூடாது. அடிப்பதற்காக ‘வா’ என்று கூப்பிடாதீர்கள். செருப்பைக் கடித்துவிட்டது என்று கோபம். “மணி, இங்கே வா!” என்று கூப்பிட்டு ஓர் அடி. அடுத்த தடவை அது வருமா? நாம் என்றால் வருவோமா? சாலையில் லாரி வரும்போது நீங்கள் ‘வா’ என்று கூப்பிட வேண்டியிருக்கும். அப்போது அது ஓடி வர வேண்டும். நின்று யோசித்தால் போச்சு.

‘உட்கார்’ சொல்லிக் கொடுப்பது சுலபம். தின்பண்டத்தைக் குட்டியின் மூக்குக்கு நேரே பிடியுங்கள். மெதுவாக அதன் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். குட்டி அண்ணாந்து பார்க்கும். தலை மேலே போனால் பின்பக்கம் தானாகத் தரையில் படியும். அந்த நொடியில் ‘உட்கார்’ என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். முதுகை அமுக்க வேண்டியதே இல்லை. பத்துத் தடவை செய்தால் பதினோராவது தடவை வெறுங்கைக்கே உட்காரும்.

‘இரு’ என்பதை ‘உட்கார்’ பழகிய பிறகு சொல்லிக் கொடுங்கள். முதலில் இரண்டு நொடி. பிறகு ஐந்து நொடி. அப்புறம் ஓர் எட்டுப் பின்னால் வைத்துப் பாருங்கள். சோறு வைக்கும் நேரம் இதற்கு ஏற்றது.

‘விடு’ என்றால் வாயில் உள்ளதைப் போட வேண்டும். பிடுங்கினால் ஓடும், உறுமும். அதற்குப் பதில் வேறு நல்ல பண்டத்தைக் காட்டுங்கள். வாயைத் திறந்து பழையதைப் போடும். போடும்போது ‘விடு’ என்று சொல்லுங்கள். பண்டமாற்று வியாபாரம்தான்.

‘போதும்’ விளையாட்டை நிறுத்துவதற்கு.

ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் போதும். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. அதற்கு மேல் குட்டிக்குக் கவனம் நிற்காது. நமக்கே மையத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கொட்டாவி வருகிறது!

கடிக்கிற குட்டி

மூன்று, நான்கு மாதத்தில் குட்டிக்குப் பால் பற்கள் விழத் தொடங்கும். ஆறு ஏழு மாதத்தில் நாற்பத்திரண்டு புதுப் பற்களும் வந்துவிடும். அந்தக் காலத்தில் ஈறு ஊறும். எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். அதை வில்லத்தனம் என்று நினைக்காதீர்கள். பழைய துணியை முடிச்சுப் போட்டுக் கடிக்கக் கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள். எது பழைய செருப்பு, எது தீபாவளிக்கு வாங்கிய செருப்பு என்று அதற்குத் தெரியாது.

கையைக் கடித்து விளையாடினால் ‘ஆ!’ என்று கத்திவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி நில்லுங்கள். அரை நிமிடம் அதைப் பார்க்காதீர்கள். உடன்பிறந்த குட்டிகள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். வீட்டில் உள்ள எல்லாரும் இப்படியே செய்ய வேண்டும். ஒருவர் கத்தி, இன்னொருவர் கையைக் கொடுத்துச் சிரித்தால் பாடம் ஏறாது.

நாய் கோபக்காரனாக இருந்தால்தான் காவல் காக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அதற்காக நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போடுகிறார்கள். குச்சியால் சீண்டுகிறார்கள். மிளகாய் கொடுக்கிறவர்களும் உண்டு. இது பெரிய தவறு. இப்படி வளர்ந்த நாய் திருடனையும் கடிக்கும், தபால்காரரையும் கடிக்கும், கடைசியில் உங்கள் பேரப்பிள்ளையையும் கடிக்கும். அந்நியர் வந்தால் குரைத்துக் காட்டுவது நாயின் இயல்பு. அதை யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை.

நாம் சொல்லித் தர வேண்டியது வேறு. குட்டிக்கு மூன்று மாதம் ஆவதற்குள் பலவகை மனிதர்களைக் காட்டுங்கள். தாடிக்காரர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றியவர், சீருடை போட்டவர், கைக்குழந்தை. பலவகை ஓசைகளையும் கேட்கச் செய்யுங்கள். குக்கர் விசில், மோட்டார் சைக்கிள், மேளம். பயமில்லாமல் பார்த்ததை அது பின்னால் கடிக்கப் போவதில்லை. பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும். தடுப்பூசிகள் முடியும் வரை தெருவில் இறக்கி விடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு. நாய் சாப்பிடும்போது தொடக் கூடாது. தூங்கும் நாயைச் சீண்டக் கூடாது. வாலையும் காதையும் இழுக்கக் கூடாது. குட்டி போட்ட நாயின் பக்கம் போகக் கூடாது. சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு நாம் தண்ணீர் பிடிக்கப் போகக் கூடாது.

குட்டிப் பல்லில் விஷம் இல்லையா?

மணிக்கு அப்போது இரண்டரை மாதம். ஊசி போடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தார். பையன் சட்டையில் இரத்தக் கறை. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். மணியோடு விளையாடும்போது பல் பட்டுத் தோல் கிழிந்திருக்கிறது. சொன்னால் திட்டுவார்கள், குட்டியை விரட்டிவிடுவார்கள் என்று பயந்து ஒளித்திருக்கிறான்.

மாமியார் சொன்னார்: “குட்டிதானேம்மா. பால் பல். அதில் என்ன விஷம் இருக்கப் போகிறது? கொஞ்சம் மஞ்சள் வைத்துக் கட்டு.”

அக்கா சொன்னார்: “இல்லை அத்தை. குட்டிக்கும் வெறிநோய் வரும். முதலில் சோப்பு எடுங்கள்.”

அக்கா சொன்னதுதான் சரி. வெறிநோயை ரேபிஸ் என்றும் சொல்வார்கள். அது நாயின் எச்சிலில் இருக்கும் கிருமியால் வருகிறது. பல்லின் வயதுக்கும் கிருமிக்கும் தொடர்பு இல்லை. தாய் நாய்க்கோ கூடப் பிறந்த குட்டிக்கோ நோய் இருந்திருந்தால் குட்டிக்கும் வந்திருக்கலாம். பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே எச்சிலில் கிருமி இருக்கக் கூடும்.

இந்த நோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க மருந்து இருக்கிறது. கடித்த பிறகுகூடத் தடுக்கலாம். கடிபட்ட பிறகு நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு அதைவிடச் சீக்கிரமும் வரும், தாமதமாகவும் வரும். ஊசி அதை முந்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் அன்றே போக வேண்டும் என்கிறோம்.

அக்கா என்ன செய்தார்?

குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவினார். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம். பையன் அழுதான். இருந்தாலும் விடவில்லை. சோப்பு இந்தக் கிருமியைக் கொல்லும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள், மிளகாய்த் தூள் எதையும் வைக்கவில்லை. கட்டுப் போடவில்லை. பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனார்.

இரத்தம் வந்த காயம் என்பதால் டாக்டர் காயத்தைச் சுற்றி ஒரு மருந்து போட்டார். அதற்கு சீரம் என்று பெயர். தோள் பக்கம் தடுப்பூசியும் போட்டார். பிறகு ஒரு சீட்டில் அடுத்த தேதிகளை எழுதிக் கொடுத்தார். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தடவை. சில இடங்களில் பதினான்காம் நாளும் சேர்த்து ஐந்து தடவை போடுவார்கள். டாக்டர் எழுதித் தருகிற தேதிதான் நமக்குக் கணக்கு.

“தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியா?” என்று மாமியார் பயந்தார். அது பழைய கதை. ஆட்டு மூளையில் இருந்து செய்த மருந்து அது. 2005 முதல் நம் நாட்டில் அந்த ஊசி இல்லை. இப்போது தோளில் போடுகிறார்கள். வலி எறும்பு கடித்ததுபோல. கர்ப்பிணிகளுக்கும் போடலாம். பத்தியம் எதுவும் கிடையாது.

மணியை டாக்டர் விரட்டச் சொல்லவில்லை. “பத்து நாள் கவனியுங்கள். சாப்பிடாமல் கிடந்தாலோ செத்துப்போனாலோ உடனே சொல்லுங்கள்” என்றார். பத்து நாள் கழித்தும் மணி நன்றாக இருந்தது. பத்து நாள் முடியட்டும் என்று காத்திருந்து ஊசி போடலாமா? கூடாது. ஊசியை உடனே தொடங்க வேண்டும். கவனிப்பது அதோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

பையனிடமும் அக்கா ஒன்று சொன்னார்: “நாய் கடித்தால் என்னிடம் சொல். நான் திட்ட மாட்டேன். மணியை விரட்ட மாட்டேன்.” இதை எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் ஒளித்த பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

இந்தத் தடுப்பு மருந்தை மனிதருக்கு முதலில் கொடுத்தவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1885-ஆம் ஆண்டு, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு அதைக் கொடுத்தார். பையன் பிழைத்தான். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்துக் கசௌலியில் 1900-இலும், நீலகிரியில் உள்ள குன்னூரில் 1907-இலும் இதற்கான நிலையங்கள் தொடங்கின. பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28-ஆம் நாளைத்தான் இன்று உலக வெறிநோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த நாளை ஒட்டிப் பல ஊர்களில் நாய்களுக்கு இலவச ஊசி முகாம் நடக்கும்.

ஊசியை நாய்க்கே போட்டுவிட்டால்? கோவா மாநிலத்தில் அப்படித்தான் செய்தார்கள். வலையோடு தெருத் தெருவாகப் போய் வீட்டு நாய், தெரு நாய் எல்லாவற்றுக்கும் ஆண்டுதோறும் ஊசி போட்டார்கள். மூன்று ஆண்டுகளாக அங்கே மனிதர் ஒருவர்கூட வெறிநோயால் சாகவில்லை என்று 2021-இல் அம்மாநில முதலமைச்சர் அறிவித்தார்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்

மாட்டாஸ்பத்திரி மாட்டுக்கு மட்டும் அல்ல. நாய்க்கும் அங்கே வைத்தியம் உண்டு. குட்டி வந்த வாரத்திலேயே தூக்கிக்கொண்டு போங்கள். டாக்டர் ஓர் அட்டை கொடுப்பார். அதில் மூன்று வகைச் செய்தி இருக்கும்.

ஒன்று, குடற்புழு மருந்து. குட்டியின் வயிற்றில் புழு இருக்கும். தாயிடம் இருந்தே வந்துவிடும். வயிறு மட்டும் ஊதிக் கால் சூம்பி இருந்தால் புழுதான். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை மருந்து கொடுக்கச் சொல்வார்கள். இந்தப் புழு மண் வழியாகப் பிள்ளைகளுக்கும் வரும். குட்டியோடு விளையாடிய கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது.

இரண்டு, கழிச்சல் நோய் முதலான நோய்களுக்குத் தடுப்பூசி. இதில் பார்வோ என்ற நோய் கொடியது. வாந்தி, இரத்தத்தோடு கழிச்சல். நேற்று ஓடிய குட்டி இன்று எழுந்திருக்காது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் மீண்டும். இடையில் விட்டுவிட்டால் பயன் இல்லை.

மூன்று, வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று மாதம் முடிந்ததும் போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில், ஆண்டுதோறும். ‘போன வருடம் போட்டாயிற்றே’ என்று இருந்துவிடக் கூடாது.

மணியின் அட்டை அக்கா வீட்டில் ரேஷன் அட்டையோடு ஒரே பையில் இருக்கிறது. மணிக்கு இப்போது ஒன்றே கால் வயது. இரண்டாவது ஆண்டு ஊசியும் போட்டாயிற்று. தேதியைப் படித்து நினைவூட்டியவர் அக்கா. நாயைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் மாமியார்.

பயிற்சி

1. உரக்கப் படியுங்கள்: குட்டி, எச்சில், காயம், சோப்பு, தடுப்பூசி, வெறிநோய், கால்நடை மருத்துவமனை.

2. கணக்குப் போடுங்கள்: ஒருவருக்கு ஜூன் 5-ஆம் தேதி நாய் கடித்தது. அன்றே முதல் ஊசி போட்டார்கள். அடுத்த ஊசிகள் 3, 7, 28 நாள் கழித்து. தேதிகளை எழுதுங்கள்.
(விடை: ஜூன் 8, ஜூன் 12, ஜூலை 3)

3. உங்கள் ஊரில் மாட்டாஸ்பத்திரி எங்கே இருக்கிறது? எந்த நேரம் திறந்திருக்கும்? கேட்டு எழுதுங்கள்.

4. நாய் வளர்ப்பவர்கள் இந்த அட்டையை நிரப்புங்கள். வளர்க்காதவர்கள் பக்கத்து வீட்டு நாய்க்கு நிரப்பிக் கொடுங்கள்.

நாயின் பெயர்: ....................
ஆண் / பெண்: ....................
பிறந்த மாதம்: ....................
குடற்புழு மருந்து கொடுத்த தேதி: ....................
வெறிநோய் ஊசி போட்ட தேதி: ....................
அடுத்த ஊசி போட வேண்டிய தேதி: ....................